வீட்டுக் கணினியில் கேம் சர்வர்: வலு இருக்கிறது, முகவரிதான் இல்லை

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் பணம் கட்டினால் வாடகைக்கு ஒரு சர்வர் கிடைக்கும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறது, ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கான சர்வர் மென்பொருளை, விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. அப்புறம் எதற்கு வாடகை?

இந்த நினைப்போடு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. அதே வீட்டு வைஃபையில் இருக்கும் தம்பி உள்ளே நுழைந்துவிடுகிறான். வெளியூர் நண்பருக்கு மட்டும் இணைப்பு கிடைப்பதில்லை. உடனே ரேம் போதவில்லையோ, ப்ராசசர் பழசோ என்று கணினியைச் சந்தேகிக்கிறார்கள். கணினிமேல் பிழையே இல்லை. இன்றைய வீட்டுக் கணினிக்கு சர்வர் நடத்தும் வலு தாராளமாக இருக்கிறது. வெளியிலிருந்து அதைத் தேடி வருவதற்கான முகவரிதான் நம்மில் பலருக்கு இல்லை. இது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த வழியில் போவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் வலுவைப் பார்ப்போம். மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு நொடிக்கு 20 தடவை உலகத்தைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் ‘டிக்’ என்று பெயர். ஒரு டிக்குக்கு 50 மில்லி நொடி அவகாசம். அதற்குள் யார் எங்கே நகர்ந்தார், எந்தக் கட்டி உடைந்தது, ஆடு மாடு எந்தப் பக்கம் திரும்பியது, ஆட்டத்துக்குள் மின்சாரம்போல் வேலை செய்யும் ரெட்ஸ்டோன் எங்கே பாய்ந்தது எல்லாவற்றையும் முடித்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். முடியவில்லை என்றால் உலகமே மெதுவாகிறது: உடைத்த கட்டி மறுபடி முளைக்கும், திறந்த கதவு தாமதித்துத் திறக்கும். இந்த வேலையின் பெரும்பகுதி ப்ராசசரின் ஒரே ஒரு கோரில்தான் நடக்கிறது. அதனால் கோர்கள் எத்தனை என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம். பத்து வருடத்துக்கு முந்தைய பதினாறு கோர் சர்வர் இயந்திரத்தைவிட, சமீபத்திய சாதாரண டெஸ்க்டாப் ப்ராசசர் இதற்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். பலருக்குப் பங்கு போட்டுத் தரப்படும் மலிவான வாடகை சர்வரையும் அது பல நேரம் மிஞ்சும். நாலைந்து பேருக்கு 4 ஜிபி ரேமை ஒதுக்கி, உலகத்தை எஸ்எஸ்டியில் வைத்தால் போதும்.

பாரம் கூடுவது ஆட்களின் எண்ணிக்கையால் மட்டும் அல்ல. உலகம் 16க்கு 16 கட்டி அளவுள்ள ‘சங்க்’ துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சர்வரின் இயல்பான பார்வைத் தூரம் 10 சங்க். அப்படியென்றால் ஒரு ஆட்டக்காரரைச் சுற்றி நாலா பக்கமும் பத்துப் பத்து: 21க்கு 21, மொத்தம் 441 சங்க். நாலு பேர் சேர்ந்தே திரிந்தால் பாரம் அதிகம் ஏறாது. நாலு பேரும் நாலு திசையில் புது நிலம் தேடிப் பறந்தால், அதுவரை இல்லாத சங்க்குகளை சர்வர் புதிதாக உருவாக்கித் தள்ள வேண்டும், திணறுவது அப்போதுதான். பார்வைத் தூரத்தை 10லிருந்து 7 ஆக்கினால் 441 என்பது 225 ஆகிவிடும், கிட்டத்தட்ட பாதி. புது ரேம் வாங்கக் கடைக்குப் போகும் முன் இந்த ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்.

ஏன் ஒரு கணினி மட்டும் சர்வராக இருக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானது. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டில் அப்படி ஒரு சர்வரே கிடையாது. லேனில், அதாவது ஒரே இடத்து உள் வலையமைப்பில், இருக்கும் எல்லாக் கணினிகளும் அவரவர் உள்ளீட்டைப் பரிமாறிக்கொண்டு, அதே ஆட்டத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டன. ஒருவரின் தகவல் தாமதமானால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒரே அறைக்குள் இது பரவாயில்லை, மோடம் வழியே ஊர் விட்டு ஊர் ஆடும்போது தாங்காது. டூமை உருவாக்கிய அதே ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் குவேக் விளையாட்டை வெளியிட்டபோது முறையை மாற்றியது: ஆட்டத்தில் எது நடந்தது என்பதை ஒரு சர்வர் மட்டும் தீர்மானிக்கும், மற்றவர்கள் அதோடு இணைவார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த அதன் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்ட், சர்வரின் பதில் வரும்வரை காத்திராமல் நம் நகர்வை நம் கணினியே முன்கூட்டி ஊகித்துக் காட்டும் உத்தியைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

அந்தக் காலத்தில் சர்வர் மென்பொருளும் விளையாட்டோடு ஆட்டக்காரர்கள் கையிலேயே கிடைத்தது. யார் வேண்டுமானாலும் சர்வர் போடலாம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் பரவியதும் இப்படித்தான். நம்மூர்க் கல்லூரி விடுதிகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் 1.6 பதிப்பை ஆடிய தலைமுறைக்கு, ஒருவர் சர்வர் போட மற்றவர்கள் ஐபி முகவரியைத் தட்டி உள்ளே வருவது சர்வசாதாரணம். லேனுக்குள் அது இன்றும் அவ்வளவு எளிதுதான். லேனைத் தாண்டும்போதுதான் சிக்கல்.

இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதன் பழைய வகையான ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். ஆக உலகத்துக்கே இருப்பது சுமார் 429 கோடி முகவரிகள். இது போதாது என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குக் கண்ட தற்காலிக வைத்தியம்தான் முகவரி மாற்றம், சுருக்கமாக ‘நாட்’ (NAT). 1994இல் அதன் வரைவு வெளியானது. வீட்டுக்குள் எத்தனை கருவி இருந்தாலும் அவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியுலகுக்கு ஒரே ஒரு பொது முகவரியை ரவுட்டர் காட்டும். உங்கள் கணினி வெளியே ஒரு பாக்கெட்டை (தகவல் துண்டை) அனுப்பும்போது, இந்தக் கணினி இந்தப் போர்ட்டிலிருந்து (கணினியின் எண்ணிட்ட வாசலிலிருந்து) இன்ன இடத்துக்கு அனுப்பியிருக்கிறது என்று ரவுட்டர் ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினியிடம் சேர்க்கிறது. யூடியூப் பார்க்கவும் மெயில் படிக்கவும் இது போதும், ஏனென்றால் பேச்சைத் தொடங்குவது எப்போதும் நீங்கள்தான்.

சர்வர் என்றால் நிலைமை தலைகீழ். பேச்சைத் தொடங்குவது வெளியே இருக்கும் நண்பர். அவருடைய பாக்கெட் உங்கள் ரவுட்டர்வரை வந்துவிடுகிறது. அட்டவணையில் அதற்குக் குறிப்பு இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடுகிறது. இதற்காகத்தான் போர்ட் ஃபார்வேர்டிங்: 25565ஆம் டிசிபி போர்ட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கணினிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் நிரந்தரக் குறிப்பு எழுதிவைக்கிறோம். கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்புக்கு 19132, அது டிசிபி அல்ல, யுடிபி என்ற வேறு அனுப்பும் முறை. சர்வர் கணினியின் உள் முகவரி மாறாமல் இருக்கும்படி ரவுட்டரில் அதையும் நிலைநிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்ததும் குறிப்பு வேறு கருவியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தன் வீட்டுக்குள்ளிருந்தே தன் பொது முகவரியைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள். வேலை செய்யாது. பல ரவுட்டர்களுக்கு உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரி வழியாக மறுபடி உள்ளே திரும்பத் தெரியாது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் ஒருவரைச் சோதிக்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

இவ்வளவும் செய்து வெளியிலிருந்தும் வரவில்லை என்றால், காரணம் அநேகமாக உங்கள் வீட்டில் இல்லை. 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவில் ஐபிவி4 முகவரிகளின் கடைசிக் கட்டுகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே வருடம் ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்னிக்கின் கையிருப்பு கடைசிக் கட்டுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் வீட்டு இணைய இணைப்புகள் பெருமளவில் பெருகியது அதற்குப் பிறகுதான். முகவரி தீர்ந்தபின் வந்த கூட்டம் நாம். அதனால் இணைய நிறுவனங்கள் நாட் முறையை இன்னொரு அடுக்கு மேலே கொண்டுபோய்த் தங்கள் பக்கத்திலும் வைத்தன. ‘சிஜிநாட்’ என்பது இதுதான். இதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் சுமார் 42 லட்சம் முகவரிகள் தனியாக ஒதுக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கலாம். உங்கள் ரவுட்டரில் நீங்கள் எழுதிய குறிப்பு சரியாகவே இருக்கும். ஆனால் நண்பரின் பாக்கெட் அதற்கு முன்பே நிறுவனத்தின் பெட்டியில் விழுந்துவிடும். அந்தப் பெட்டியில் குறிப்பு எழுத உங்களுக்கு அனுமதி கிடையாது.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்களா என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ரவுட்டரின் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP) என்று இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுளில் என் ஐபி என்ன என்று தேடி வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் பொது முகவரி உங்களுடையது. வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64க்கும் 100.127க்கும் நடுவிலோ 10 என்று தொடங்கியோ இருந்தால் சிஜிநாட். ரவுட்டரில் உள்ளது 192.168 என்று தொடங்கினால் வீட்டிலேயே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர் இருக்கிறது என்று அர்த்தம். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்தமாக இன்னொன்று வாங்கி மாட்டியவர்களுக்கு இப்படி நேரும். போர்ட்டை இரண்டிலும் திறக்க வேண்டும், அல்லது ஒன்றை, நாட் செய்யாமல் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். ரவுட்டர் அமைப்புகளோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டும் முன் இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுவது நல்லது.

சிஜிநாட் என்றால் என்ன வழி? நிறுவனத்திடம் கேட்டு, மாதம் கொஞ்சம் கூடுதல் கட்டி, ஸ்டாடிக் ஐபி எனப்படும் மாறாத பொது முகவரியை வாங்கலாம். இருப்பதிலேயே சுத்தமான வழி இதுதான். பொது முகவரி இருந்தும் அது அவ்வப்போது மாறினால், மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்துவைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் ஒரு பெயரைப் பதிந்து அதை நண்பர்களிடம் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது வழி ஐபிவி6. முகவரி 128 பிட் நீளம் என்பதால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி கிடைக்கும், நாட் தேவையே இல்லை. 2016இல் சேவையைத் தொடங்கிய ஜியோ ஆரம்பத்திலிருந்தே இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. ஐபிவி6 பரவலில் இந்தியா இன்று உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆக, நம்மூரில் வீட்டு சர்வருக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இரண்டு தடை மட்டும் உண்டு. ரவுட்டரின் காவல் அமைப்பான ஃபயர்வால் உள்வரும் ஐபிவி6 இணைப்புகளை வழக்கமாகத் தடுத்துவைத்திருக்கும், அங்கே அந்தப் போர்ட்டுக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும். மலிவான சில ரவுட்டர்களில் அதற்கான பக்கமே இருக்காது. இன்னொன்று, நண்பரின் இணைப்பிலும் ஐபிவி6 இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, இன்று அதிகம் பேர் போகும் வழி: டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற மென்பொருள்கள். எல்லோரும் அதை நிறுவிக்கொண்டால், ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் ஒரே லேனில் இருப்பதுபோல் ஆடலாம். இதன் உள்வேலை அழகானது. இரண்டு பக்கமும் ‘நாட்’ செய்யும் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கின்றன. யாரும் யாரையும் முதலில் அழைக்க முடியாது. பொதுவான ஒரு சர்வர் இருவருக்கும் மற்றவரின் வெளி முகவரியைச் சொல்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் நோக்கிப் பாக்கெட் அனுப்புகிறார்கள். இரண்டு பக்க அட்டவணையிலும் ‘நான் அங்கே அனுப்பினேன்’ என்ற குறிப்பு விழுந்துவிடுகிறது. அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதை ரவுட்டர்கள் பதில் என்று எடுத்துக்கொண்டு உள்ளே விடுகின்றன. சில வகை சிஜிநாட்டில் இது பலிக்காது. அப்போது தகவலை வாங்கிக் கைமாற்றிவிடும் ஒரு நடு சர்வர் வழியாகப் போகும், பிங் (தகவல் போய்வரும் நேரம்) ஏறும். தெரிந்த நாலு பேருக்கு சர்வர் போடுகிறவருக்கு என் பரிந்துரை இந்த வழிதான். போர்ட் எதையும் உலகத்துக்குத் திறந்துவைக்க வேண்டியதில்லை என்பது இதில் கிடைக்கும் பெரிய நிம்மதி.

பிங் பற்றிச் சொன்னதால் தூரத்தையும் பார்த்துவிடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லி நொடி ஆகியே தீரும். கேபிள் வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். சிங்கப்பூரில் வேலைக்குப் போன அண்ணன் சென்னை வீட்டு சர்வரில் மைன்கிராஃப்ட் ஆட இது ஒரு பொருட்டே இல்லை. துப்பாக்கிச் சண்டை என்றால் அவர் கொஞ்சம் பின்தங்குவார். ஆனால் வீட்டு சர்வர்களில் லேக் வருவதற்குத் தூரத்தைவிடப் பெரிய காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். யாராவது கைபேசியிலிருந்து புகைப்படங்களை மொத்தமாக கூகுளுக்கு ஏற்றும்போது, ரவுட்டரின் அப்லோட் வரிசை நிரம்பி வழியும். சர்வரின் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றாலும் பிங் எகிறிவிடும். அப்லோடுக்கு மொத்த வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வைக்கும் வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால் பயன்படுத்துங்கள். சர்வர் கணினியை வைஃபையில் விடாமல் கேபிளில் இணைப்பது அதைவிடச் சுலபம்.

போர்ட்டைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் பாதுகாப்பில் கவனம் தேவை. எங்கள் சர்வர் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் தவறு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 வெளி முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். திறந்த 25565 போர்ட்டுகளைத் தேடி அலையும் நிரல்கள் இன்று நிறைய உண்டு. நீங்கள் பட்டியலிட்டவர்களை மட்டும் உள்ளே விடும் வொயிட்லிஸ்ட்டைப் போடுங்கள். ‘ஆன்லைன்-மோட்’ அமைப்பை அணைக்காதீர்கள். அதை அணைத்தால் வருகிறவர் உண்மையில் யார் என்று சர்வர் சரிபார்க்காது. நிர்வாகியின் பெயரைத் தட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நிர்வாகியாக உள்ளே வந்துவிடலாம். விலை கொடுத்து வாங்காத பிரதியில் ஆடும் நண்பர்களுக்காக இதை அணைக்கிறவர்கள், திறந்த போர்ட்டோடு எதை இழக்கிறோம் என்று தெரிந்து செய்வதில்லை.

சர்வரைப் புதுப்பித்து வைப்பதன் அருமையை 2021 டிசம்பர் காட்டியது. லாக்4ஜே என்ற ஜாவா துணைநிரலில் இருந்த ஓட்டை வழியாக, மைன்கிராஃப்ட் அரட்டையில் ஒரு வரியைத் தட்டினாலே சர்வர் ஓடும் கணினியில் அந்நிய நிரலை இயக்க முடிந்தது. உலகத்தின் பெரிய நிறுவனங்களையெல்லாம் உலுக்கிய அந்த ஓட்டை முதலில் பரபரப்பானது மைன்கிராஃப்ட் வட்டாரத்தில்தான். மோஜாங் டிசம்பர் 10 அன்றே 1.18.1 பதிப்பில் அதை அடைத்தது. அடைப்பைப் போடாமல் ஓடிய வீட்டு சர்வர்களில், அதே கணினியில் குடும்பத்தின் வங்கிக் கடவுச்சொற்களும் இருந்திருக்கும். முடிந்தால் சர்வருக்குத் தனிக் கணினி. முடியாவிட்டால் நிர்வாக உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்காவது வேண்டும்.

பொது ஜனத்துக்குத் திறந்த சர்வரை வீட்டிலிருந்து நடத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் மிராய். 2016இல் மூன்று அமெரிக்க இளைஞர்கள் எழுதிய அந்த நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கண்காணிப்பு கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப்போட்டது. அவர்களின் முக்கியக் குறிகளில் ஒன்று போட்டி மைன்கிராஃப்ட் சர்வர்கள். எதிராளியின் சர்வரை போக்குவரத்து வெள்ளத்தில் மூழ்கடித்தால் அவனுடைய ஆட்டக்காரர்கள் இடம் மாறுவார்கள் என்ற கணக்கு. நிரல் வெளியே விடப்பட்ட பின், அக்டோபர் 21 அன்று அதைக் கொண்டே தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித்தரும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் முடங்கின. மூவரும் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பொது சர்வர் நடத்தினால் உங்கள் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி எல்லா ஆட்டக்காரருக்கும் தெரியும். தோற்ற கோபத்தில் ஒருவர் பணம் கொடுத்துத் தாக்கச் சொன்னால், சர்வரோடு உங்கள் வீட்டின் மொத்த இணையமும் போகும். அந்த இடத்தில் வாடகை சர்வர் கொடுக்கும் காசுக்குத் தகும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 80 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு என்று 2016இல் அறிவிக்கப்பட்ட 100 இலவச யூனிட்டைவிட அதிகம் இது. பழைய லேப்டாப் ஒன்றை சர்வராக்கினால் இதில் கால்வாசிதான் ஆகும். மின்தடைக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினால், கரண்ட் போனாலும் வெளியூர்க்காரர் ஆட்டத்தைத் தொடரலாம்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு பதில் இருக்கிறது. 2009இல் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வந்தபோது, கணினிப் பதிப்பில் ஆட்டக்காரர்கள் சர்வர் நடத்தும் வசதி எடுக்கப்பட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பியும் மாறவில்லை. அந்தப் போக்கு துறை முழுக்கப் பரவியது. விளைவை 2024 மார்ச் 31 அன்று பார்த்தோம். யூபிசாஃப்ட் தன் சர்வர்களை நிறுத்தியதும், தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அதைத் தனியாக ஆடக்கூட வழியில்லாமல் போனது. அதை எதிர்த்துத் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1996இல் வந்த குவேக்குக்கு இப்படி ஒரு முடிவு வராது, ஏனென்றால் சர்வர் ஆட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பும் அதே வரிசையில் நிற்கிறது.

உங்கள் உலகம் முழுவதும் சர்வர் ஃபோல்டருக்குள் ‘வேர்ல்ட்’ என்ற பெயரில் இருக்கிறது. சர்வரை நிறுத்திவிட்டு அதை நகலெடுத்து வேறு டிஸ்க்கில் போட்டுவையுங்கள், வாரம் ஒருமுறையாவது. ஓடும்போதே எடுக்க வேண்டுமானால் முதலில் ‘சேவ்-ஆஃப்’ கட்டளை, அடுத்து ‘சேவ்-ஆல் ஃப்ளஷ்’, நகல் முடிந்ததும் ‘சேவ்-ஆன்’. பின்னால் வாடகை சர்வருக்கு மாறினாலும், நண்பர் ஒருவர் தன் வீட்டில் நடத்த முன்வந்தாலும், அந்த ஃபோல்டரைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.